ராகேலின் முழு சுகம்

நேமத்துக்குத் தெற்கே, பெரிய சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்புகிற முனையில் ஜெபசபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பலகை கட்டியிருந்தார்கள். பலகையில் ராகேலின் முகம் இரண்டு முறை இருந்தது. இடப்பக்கம் இருந்தது நோய்க்காலத்து முகம்: ஊதிப்போய், கண்கள் சதைக்குள் புதைந்து, தாடையில் பூனைமயிர் முளைத்து, கழுத்தே இல்லாமல். வலப்பக்கம் இருந்தது அறுவைக்குப் பிறகு எடுத்த படம். ஒடுங்கிய கன்னம், தெளிந்த நிறம், கோடு எடுத்து வாரிய தலை. மேலே பெரிய எழுத்தில் ‘அன்றும் இன்றும்’ என்று போட்டு, கீழே ‘முழு சுகம் பெற்ற சகோதரியின் சாட்சி’ என்று எழுதியிருந்தது.

ஆட்டோக்காரன் பிஜு வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான், பிறகு இறங்கிக்கொண்டிருந்த ராகேலைப் பார்த்தான்.

“அக்கா, ரெண்டும் நீங்கதானே? எனக்கென்னமோ மூணாவதா ஒரு ஆளு கீழ நிக்குத மாதிரி தோணுது.”

“வெயிலு கொண்டு கறுத்துட்டேன் மக்கா.”

“நீங்க எந்த வெயில்ல நிக்கிய? நானில்லா நாளு முழுக்க வெயில்ல கெடக்கியேன். எனக்க கையும் ஒங்க கையும் பாருங்க.”

அவன் கையை நீட்டிச் சிரித்தான். ராகேலும் சிரித்தபடி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரல் முட்டிகள் அவளுக்குக் கரி பிடித்த பாத்திரத்தின் அடிபோல ஆகியிருந்தன. உள்ளங்கை ரேகைகள்கூடக் கறுப்பு. ஈறும் கறுத்திருந்தது, ஆனால் அதை அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அது வெயில் செய்த வேலை அல்ல என்பது அவளுக்கும் மகள் ஷெமிக்கும் மட்டும் தெரியும்.

ராகேல் பாறசாலைப் பக்கத்துப் பெண். தங்கையனைக் கட்டி நகரத்துக்கு வந்து, சாலைக் கடைவீதியில் ஒரு துணி மொத்தக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரவிக்கைத் துணிக் கட்டுகளைப் பிரிப்பது, அளப்பது, மடிப்பது. தங்கையன் அதே தெருவின் மறுமுனையில் குழாய்க்கடையில் விற்பனையாளர். காலையில் ஒரே பஸ்ஸில் போவார்கள், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். ஷெமி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருஷத்தில்தான் ராகேலின் உடம்பு ஊதத் தொடங்கியது.

வயிறும் முகமும் பெருத்தன; கையும் காலும் மெலிந்தன. வயிற்றில் ஊதாநிறத்தில் வரிவரியாகத் தோல் வெடித்தது. லேசாக எங்கே இடித்துக்கொண்டாலும் ரத்தம் கட்டியது. இரத்த அழுத்தம் ஏறியது, சர்க்கரை ஏறியது. தொடையில் பலம் இல்லாமல் பஸ் படியில் கால் வைக்க முடியாமல் போனது. கண்டக்டர் பையன்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் சாதாரணமாக இருமியபோது விலா எலும்பு முறிந்தது. தூக்கம் போனது. கோபம் மட்டும் குறைவில்லாமல் வந்தது. புட்டுக்குழலைத் தூக்கிப் புருஷன்மேல் எறிந்திருக்கிறாள், மகளைக் காரணமில்லாமல் அடித்திருக்கிறாள். கடை முதலாளி திருநெல்வேலிக்காரர், வாய்க்குக் குறைச்சல் இல்லாதவர். “ராகேலுக்குச் சோறு மட்டும் நல்லா ஒட்டுது போல,” என்பார். சொந்தக்காரர்கள் அதையே முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். தின்று கொழுத்தவள் என்ற பெயரோடு அவள் ஐந்தாறு வருஷம் நடமாடினாள். அந்தக் காலத்தில் பாதி நாள் பட்டினியாகவே கிடந்தாள் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவளுடைய புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, நோயின் பெயரைச் சொன்னார். தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் பயறு அளவுக்கு ஒரு கட்டி. அது விடாமல் ஏவிக்கொண்டே இருக்க, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகளும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளவில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தன. மூக்கு வழியாக இரண்டு தடவை கட்டியைச் சுரண்டினார்கள். இரண்டு தடவையும் நோய் திரும்பி வந்தது. இனி ஒரே வழி, அந்த இரண்டு தொப்பிகளையும் எடுத்துவிடுவது என்றார்கள்.

“எடுத்தா நோய் நிக்கும்,” என்றார் டாக்டர். “ஆனா அந்தச் சத்து உங்க உடம்புல பிறகு ஒரு துளி ஊறாது. மாத்திரைதான் உயிரு. சாகுறவரைக்கும் ஒரு நாள் விடக்கூடாது. காய்ச்சல் வந்தா இரட்டிக்கணும். வாந்தி வந்தா மாத்திரையை நம்பக்கூடாது, ஊசி போட்டுட்டு இங்க ஓடி வரணும். கூட இருக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும். புரியுதா? எல்லாருக்கும்.”

புரிந்தது என்று ராகேல் தலையாட்டினாள். அந்த உடம்பைக் கழற்றி எறிய முடியும் என்றால் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் அவள் இருந்தாள்.

அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் நோயைவிட மோசம். அளவுக்குமேல் கார்ட்டிசாலில் ஊறிப் பழகிய உடம்பு, கணக்காகக் கொடுத்ததை ஏற்கவில்லை. மூட்டுக்கு மூட்டு வலி. தோல் பாம்புச்சட்டைபோல உரிந்தது. எழுந்து உட்காரவும் ஆள் வேண்டும். தங்கையன்தான் குளிப்பாட்டினார், முடி சீவினார், மலம் அள்ளினார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வருஷம் திரும்பும்போது பழைய முகம் மெல்ல வெளியே வந்தது. கழுத்து வந்தது. பஸ் படியில் தானே ஏறினாள்.

பாஸ்டர் ராஜையன் அவர்களுக்குப் பழக்கமானது ஆஸ்பத்திரி வார்டில். அடுத்த கட்டிலுக்கு ஜெபிக்க வந்தவர் இவளுக்கும் ஜெபித்தார். வீடு திரும்பியதும் தங்கையன் அவளைக் கூட்டிக்கொண்டு அவருடைய ஜெபசபைக்குப் போனார். தகரக் கூரை போட்ட நீள மண்டபம். தமிழில் ஒரு பாட்டு, மலையாளத்தில் ஒரு பாட்டு. சாட்சி சொல்ல அவளை எழுப்பினார்கள். ராகேல் எழுந்து, பட்டதையெல்லாம் சொன்னாள். அறுவையைச் சொன்னாள். “இப்போ மாத்திரை கொண்டு…” என்று தொடங்குவதற்குள் பாஸ்டர், “முழு சுகம்!” என்று முழங்கினார். சபை எழுந்து நின்றது. தன்னைப் பார்த்துச் சிரிக்காமல் இத்தனை பேர் எழுந்து நின்றதை ராகேல் அதுவரை கண்டதில்லை. பெண்கள் பக்கத்துத் தலைவி சுசீலாபாய் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். ராகேல் வாக்கியத்தை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

முடிக்காத அந்த வாக்கியம் பத்து வருஷம் அப்படியே நின்றது.

ஒவ்வொரு கன்வென்ஷனுக்கும் அவள் சாட்சி வேண்டும். வியாதிக்காரர்களின் வீடுகளுக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். கட்டிலில் கிடப்பவர்களின் தலையில் அவள் கை வைக்க வேண்டும். முழு சுகம் பெற்றவள் வேளைக்கு வேளை மாத்திரை விழுங்குவதை யாராவது பார்த்தால் என்ன ஆவது? மாத்திரைகளை ஏலக்காய் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். கூட்டத்தின் நடுவில் நேரம் வந்தால், தொண்டை கமறுவதுபோல இருமி, மிட்டாயாக வாயில் போட்டுக்கொள்வாள். நோய் விவரம் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் கழுத்தில் தொங்கவிடச் சொல்லியிருந்தார்கள். அது அலமாரியில் கிடந்தது.

“எதுக்கும்மா ஒளிக்கிய? திருடிட்டா வந்த?” என்று ஷெமி சண்டை போடுவாள்.

“ஸ்டிராய்டுண்ணு சொன்னா சுசீலாக்கா என்ன சொல்லுவா தெரியுமா? அதத் தின்னா குடலு உருகிப் போவும்ணு அவ எல்லாருக்கும் சொல்லிட்டு நடக்கியா.”

“உருகினா எனக்க அம்மைக்க குடலுல்லா உருகும். அவியளுக்கு என்ன?”

தங்கையன் நடுவில் வருவார். “நம்ம வீட்டுக் காரியம் நம்ம வீட்டோட இருக்கட்டு பிள்ளே. நாலு பேருக்கு விசுவாசம் வளருது. அதக் கெடுக்காண்டாம்.”

சுகம் என்று சபை நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து வருஷமும் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை மாத்திரை உள்ளே போய்ப் பிடிக்கும்வரை ராகேலால் தலையைத் தூக்க முடியாது. மதியம் தாண்டினால் ஈரத்துணிபோலத் துவண்டுவிடுவாள். நாள் முழுக்க நின்று துணி மடிக்கிற வேலை முடியாமல் கடையை விட்டாள். வீட்டில் இருந்தபடி தலையணை உறை தைத்தாள். நோய்க்காலத்தில் சல்லடையான எலும்புகள் திரும்பக் கூடவில்லை. கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இரண்டு தடவை காய்ச்சலில் மயங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சபைக்குச் சொல்லப்பட்டது.

பிறகு இந்தக் கறுப்பு. தலைக்குள் மிச்சமிருந்த கட்டிதான் அதற்குக் காரணம் என்றார் டாக்டர். கார்ட்டிசால் ஊறும் இடமே இல்லாமல் போனதால் அதை அடக்க ஆளில்லை. அது தன்போக்கில் வளர்கிறது, அது சுரப்பதுதான் தோலைக் கறுக்க வைக்கிறது. அறுவை செய்தவர்களில் சிலருக்கு வருஷங்கள் கழித்து இப்படி ஆவது உண்டாம். கண் நரம்பை அது தொட்டுவிட்டது. கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. வலப்பக்கத்திலிருந்து வருகிற ஆளை ராகேல் இப்போதெல்லாம் கிட்டே வந்த பிறகே கண்டாள். ஆனாலும் நாள் குறிக்கக் கேட்டபோது, கன்வென்ஷன் கழியட்டும் என்றாள். இந்தத் தடவை பத்தாம் வருஷத்துச் சாட்சி. பலகையே கட்டிவிட்டார்கள்.

கன்வென்ஷன் தொடங்கும் நாளில் பகல் முழுக்கப் பெண்களின் உபவாச ஜெபம். சாயங்காலம் பொதுக்கூட்டம், அதில் ராகேலின் சாட்சி. அன்று விடிந்ததும் அவளுக்கு வயிறு கலங்கியது. இரண்டு முறை வெளியே போனாள், ஒரு முறை வாந்தி எடுத்தாள். ஷெமி கார் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போகிறவள். வேலைக்குப் புறப்பட்டு நின்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“ம்மா, இன்னைக்குப் போவாண்டாம். ஊசியப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“ஒருக்க வாந்தி வந்ததுக்கு ஊசியா? மாத்திரைய ரெட்டையாப் போட்டாச்சு. நின்னுட்டுது.”

“நின்னுதா, வெளிய வந்துதா?”

“நின்னுட்டுதுண்ணு சொன்னேன்லா? நீ போ. அப்பாவுக்கு இன்னைக்குச் சரக்கு வருத நாளு, அவியளையும் விளிச்சுப் பயங்காட்டாதே.”

நிற்கவில்லை. பாதி வாந்தியோடு வந்துவிட்டது. ராகேல் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். ஷெமி ஊசி மருந்துப் பொட்டலத்தை அம்மாவின் பைக்குள் திணித்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் சந்து தாண்டியதும் ராகேல் அதை வெளியே எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். சபையில் பைகளை ஒரு மூலையில் குவித்து வைப்பார்கள். ஊக்கு வேண்டும், கைக்குட்டை வேண்டும் என்று சுசீலாபாய் யார் பையையும் திறப்பாள்.

மண்டபத்தில் நூறு பெண்களுக்குமேல் இருந்தார்கள். தகரக்கூரையின் சூடு, மூச்சுக்காற்று, கைத்தட்டல். தண்ணீரும் குடிக்காத உபவாசம். ராகேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அடிவயிறு பிசைந்தது. இடுப்பு துண்டாக விழுவதுபோல வலித்தது. அடுத்த மாத்திரை நேரம் வந்ததும் கை தானாக இடுப்பில் செருகியிருந்த மிட்டாய் டப்பாவைத் தேடியது. தொட்டவுடன்தான் நினைவு வந்தது. இன்று உபவாசம். உபவாசத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் தின்பாளா ஒருத்தி?

டப்பாவை முந்தானையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கழிப்பறை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சுசீலாபாயும் பின்னாலேயே வந்தாள்.

“என்ன ராகேலே, மொகம் வெளுத்துட்டுதா கறுத்துட்டுதா, ஒண்ணும் தெரியல்ல. உபவாசம் தாங்கல்லியா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“சாட்சிக்காரி நீயே சாஞ்சா மத்தவளுவ என்ன ஆவது? கொஞ்சம் பெலனாயிரு.”

உள்ளே போனதும் இரண்டு மாத்திரையை எச்சிலோடு விழுங்கினாள். விழுங்கிய உடனே குடலையே பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. கழுவிவிட்டு வெளியே வந்தபோது சுவர் சாய்ந்திருந்ததுபோலத் தோன்றியது. அப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். சுசீலாபாய் அவள் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள். எல்லோரும் எழுந்து கைகளை உயர்த்தி ஜெபிக்கிற நேரம். ராகேலும் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சபையில் ஜெப நேரத்தில் பெண்கள் விழுவது புதிதல்ல. பரிசுத்த ஆவி இறங்கியதாக எண்ணி, ஆவியில் விழுந்தாள் என்பார்கள். விழுந்தவளை யாரும் தொடமாட்டார்கள். மேலே ஒரு சால்வையைப் போர்த்தி, அவள் தானாக எழும்வரை விட்டுவிடுவார்கள். அதற்காகவே சுசீலாபாயிடம் ஒரு கட்டுச் சால்வைகள் இருக்கும். ராகேலே எத்தனையோ பேருக்குப் போர்த்தியிருக்கிறாள். அடுத்தவள் தெரியாமல் மிதித்துவிடாதபடி காவல் நின்றிருக்கிறாள்.

இப்போது சால்வை அவள்மேல் விழுந்தது. துணி வழியாகப் பச்சையாக ஒரு வெளிச்சம். அவளுக்கு நினைவு முழுதாகப் போகவில்லை, அதுதான் கொடுமை. சுசீலாபாயின் குரல் தலைக்குமேல் கேட்டது: “தொடாதீங்க பிள்ளியளே. சாட்சிக்காரிக்கு இன்னைக்குப் பெரிய அபிஷேகம்.” பாட்டு தொடங்கியது. முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியது. வேர்வை முதுகுக்கடியில் சிமெண்டுத் தரையை நனைத்தது, குளிர்ந்த வேர்வை. ஊசி என்ற சொல்லை நாக்கின்மேல் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். நாக்கு அசையவில்லை. விரலை அசைத்தாள், அசைந்ததா தெரியாது. அசைந்திருந்தாலும் அதையும் அபிஷேகம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். யாரோ ஒருத்தி சால்வையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்படியே செத்துப்போனால் ஆராதனை முடிந்து விளக்கு அணைக்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள் என்று ராகேல் நினைத்தாள். பயமாகக்கூட இல்லை. பயப்படவும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டும்.

போன் எடுக்காத அம்மாவைத் தேடி ஷெமி பாதி வேலையில் புறப்பட்டு வந்தாள். முதலில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சமையலறையிலும் தேடியவள், அரிசிப் பானைக்குப் பின்னால் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு சபைக்கு ஓடிவந்தாள்.

“எங்கம்ம எங்க?”

“ஆவியில கெடக்கியா மக்கா. தொடாதே. செருப்பக் கழத்து முதல்ல…”

“எவ்வளவு நேரமா?”

“அதெல்லாம் நேரம் பாக்கப்பிடாது…”

ஷெமி செருப்போடு உள்ளே ஏறிச் சால்வையை இழுத்தெறிந்தாள். ராகேலின் உதடு சாம்பல் நிறம். மணிக்கட்டில் நாடி கைக்கு அகப்படவில்லை. “எங்கம்மைக்குச் சுகமெல்லாம் ஒண்ணும் ஆவல்ல!” என்று அவள் கத்தியதை, பாட்டுச் சத்தத்தில் முன்வரிசை மட்டும் கேட்டது. மருந்துப்பொடியில் தண்ணீர் கலந்து ஊசியில் ஏற்ற அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொடையில் குத்துகிறபோது ஊசி நழுவிப் பாதி மருந்து சேலையில் போனது. சந்து முனையில் நின்ற பிஜுவின் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ராகேல் பிழைத்தாள். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது, இருதயம் தாளம் தப்பியிருந்தது. கண் விழித்த பிறகும் சில நாள் மகளின் பெயர் வாயில் வரவில்லை. கன்வென்ஷனின் கடைசி நாளில், சகோதரி களைப்பினால் ஓய்வில் இருக்கிறார் என்று மேடையில் அறிவித்தார்கள்.

வீடு திரும்பிய வாரம் பாஸ்டர் ராஜையனும் சுசீலாபாயும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். பாஸ்டர் கெட்டவர் அல்ல. மழையில் நனைந்துகொண்டே எத்தனை வீட்டுக்கு அரிசி சுமந்தவர் என்று ராகேலுக்குத் தெரியும். ஜெபித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

“மரண வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்கிய. வாற ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் கூட்டம். எழும்பி ரெண்டு வார்த்தை சொன்னாப் போரும். முதல் சாட்சியவிட இது பெரிசு.”

தங்கையன் அதற்குள், “ஓ, அதுக்கென்ன பாஸ்டர்,” என்றார்.

ராகேல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பாஸ்டர், எனக்குச் சுகமாவல்ல.”

“களைப்புல சொல்லுதிய.”

“இல்ல. அந்த ரெண்டு சுரப்பியும் எனக்கு இல்ல. வெட்டிக் களஞ்சாச்சு. பத்து வருசமா ஸ்டிராய்டு மாத்திரையிலதான் கெடக்கியேன். என்னத் திருப்பிக் கொண்டுவந்தது ஊசி.”

“அந்த ஊசிக்குப் புத்தி குடுத்தது யாரு?” என்றார் பாஸ்டர் மெதுவாக.

“கர்த்தர்தான். நான் இல்லேண்ணு சொல்லல்ல. அவரு குடுத்தத மிட்டாய் டப்பாவுல ஒளிச்சு வச்சது நான். அதச் சபையில சொல்லணும்.”

பாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் நகர்த்தி வைத்தார். பிறகு, “இங்க வச்சுச் சொல்லிட்டியளே, அது போராதா?” என்றார். “வியாதிக்காரங்க எத்தன பேரு ஒங்க மொகத்தப் பாத்து வருதாவ. அவியளுக்க நம்பிக்கைய நினைச்சுப் பாருங்க.”

“ஏட்டி, விடு,” என்றார் தங்கையன். “பாஸ்டர் சொல்லுததும் காரியம்தானே?”

“நான் அண்ணைக்குச் செத்திருந்தா அடக்க ஆராதனையில என்னத்தச் சொல்லியிருப்பிய? முழு சுகமாச் செத்துப்போனாண்ணா?”

சுசீலாபாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழத் தொடங்கினாள். “நாந்தான் போர்த்தினேன். எனக்கு எப்பிடித் தெரியும் ராகேலே? பக்கத்துல உக்காந்து பாட்டுல்லா பாடினேன்.”

“ஒனக்குத் தெரியாம வச்சது நானாக்கும். அழாதக்கா. அழுதா எனக்கும் அழணும், எனக்கு அதுக்குச் சக்தியில்ல.”

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவளை எழுப்பவில்லை. அறிவிப்புகளுக்கு நடுவே, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றிச் சொல்லிவிட்டு, “சகோதரி ராகேல் ஒரு காரியம் சொல்லணும்ணு கேட்டிருக்காவ,” என்றார் பாஸ்டர். ராகேல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டை கழுத்தில் தொங்கியது. நோய் போய்விட்டது, ஆனால் தான் சுகமானவள் அல்ல என்று சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள், ஊசியைச் சொன்னாள், கண்ணில் வந்திருப்பதையும் சொன்னாள். “நான் விழுந்தா போர்த்தாதீங்க. பையில ஊசி இருக்கும். போடத் தெரியல்லேண்ணா தூக்கிட்டு ஓடுங்க. ஆஸ்பத்திரியில இந்த அட்டையக் காட்டுங்க. அவ்வளவுதான்.”

சபை எழுந்து நிற்கவில்லை. அல்லேலூயா இல்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார்.

அந்த வாரமே பலகையைக் கழற்றிவிட்டார்கள். வியாதிக்காரர் வீடுகளுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. விசுவாசம் குறைந்ததால்தான் விழுந்தாள், கறுத்ததும் அதனால்தான் என்று சிலர் பேசினார்கள். பேசியவர்களில் இரண்டு பேர் அவள் கை வைத்து ஜெபித்த வீட்டார். தங்கையன் சபையில் முன்வரிசையை விட்டுத் தூணுக்குப் பின்னால் உட்காரத் தொடங்கினார். வீட்டில் அவளிடம் பேச்சு குறைந்தது. ஆனால் குளிப்பாட்டுவதும் சோறு போடுவதும் பழையபடி நடந்தன. கதிர்வீச்சு தொடங்கியது. வலக்கண்ணில் போன ஓரம் திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டி நிற்குமா, இன்னும் வளருமா என்பது தெரிய வருஷங்கள் ஆகும். அதுவரை மாத்திரை, அதற்குப் பிறகும் மாத்திரை.

சபையில் பெண்கள் அவளைச் சுற்றி இடம்விட்டு உட்கார்ந்தார்கள். விழுந்துவிடுவாளோ என்ற பயம். விழுந்தால் பொறுப்பு தங்கள் தலையில் வருமோ என்ற பயம். இரண்டாம் வாரம் ராகேலின் பெஞ்சில் அவள் மட்டும்தான் இருந்தாள். மூன்றாம் வாரம் சுசீலாபாய் வந்து, கனத்த உடம்பை அவள் பக்கத்தில் இறக்கினாள்.

“அந்தச் சாமானம் எங்க இருக்கு?”

“பையில. முன்பக்கத்து அறையில.”

சுசீலாபாய் வழக்கம்போல கேட்காமலே பையைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்து ஊசியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போட்டு மூடினாள். முகம் வெளிறிவிட்டது.

“எனக்கு இது வராது ராகேலே. சத்தியமா வராது. நான் கோழிய வெட்டினாலே கண்ண மூடுவேன்.”

“அப்பம் என்ன செய்வ?”

“பிஜுக்க நம்பரப் போன்ல வச்சிருக்கேன். ஷெமிக்க நம்பரும் இருக்கு. நான் நல்ல சத்தமா விளிப்பேன். அது எனக்கு வரும்.”

போதுமா என்றால் போதாது. விழுந்தபின் கூப்பிட்டு, வண்டி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என்னவும் ஆகலாம். ராகேலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் இந்த மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

“சரி. விளி,” என்றாள்.

பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். ராகேல் எழவில்லை. மாத்திரையை எடுத்து, இருமாமல், மறைக்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இரண்டு வரிசை முன்னாலிருந்து யாரோ திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்தபடியே பாடினாள்.